வாய்க்கால் கொண்டுவந்த ஊர்

சித்தி மகள் போன தை மாதம் குடும்பத்தோடு உதய்ப்பூர் போய்விட்டு வந்தாள். வந்த வாரமே, உக்கடம் பெரியகுளத்துக் கரையில் போட்டிருக்கிற நடைபாதையில் என்னோடு நடந்துகொண்டே, எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். பிச்சோலா ஏரி, ஏரிக்கு நடுவில் வெள்ளை வெளேரென்று ஓர் அரண்மனை, கரை நெடுகப் படித்துறைகள், மாலை வெயிலில் படகு. எல்லாமே அழகுதான். "ஏரி ஊருன்னா அதுதானுங்க்கா. நம்மூர்ல இந்தக் கொளத்துல வந்து என்னத்தப் பாக்கறது" என்றாள். அந்த நேரம் பார்த்து அவள் குழந்தை ஐஸ்கிரீம் கேட்டு அழ, பேச்சு அதோடு போயிற்று. அன்றைக்கு அவளிடம் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோயமுத்தூர் ஏரி ஊர்தான். நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம் என்று நாங்கள் சொல்கிற குமாரசாமி குளம், செல்வசிந்தாமணி, பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர் குளம் என்று 2010-இல் பொதுப்பணித் துறையிடமிருந்து மாநகராட்சி வாங்கிக்கொண்டவை மட்டுமே எட்டு. நொய்யல் ஆற்றுக்குத் தெற்கே போனால் பேரூர் பெரியகுளம், சொட்டையாண்டி குட்டை, செங்குளம், குறிச்சிக் குளம், வெள்ளலூர் குளம். கிழக்கே இருகூர், சூலூர் என்று வரிசை இன்னும் போகிறது. உக்கடம் பெரியகுளமும் குறிச்சிக் குளமும் ஒவ்வொன்றும் 300 ஏக்கருக்கு மேல். பெங்களூரிலோ சென்னையிலோ ஊருக்கு நடுவில் இப்படி ஒரு தண்ணீர்ப் பரப்பு இருந்தால் பெருமை பேசியே தீர்த்திருப்பார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. உதய்ப்பூரில் ஏரியைப் பார்த்தபடி அரண்மனை கட்டினார்கள். இங்கே குளத்தைப் பார்த்தபடி யாரும் எதையும் கட்டவில்லை. இங்கே குளம் வெட்டியது நெல்லுக்கும் கரும்புக்கும் வாழைக்கும். கோனியம்மன் கோயில், கோட்டைமேடு, ராஜவீதி எல்லாம் பெரியகுளத்துக்கு வடக்கே மேட்டில் இருக்க, குளத்துக்குக் கீழே ஆறு வரைக்கும் வயலாகக் கிடந்தது. கோட்டை போய் இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, பேரில் மட்டும் கோட்டையும் மேடும் மிச்சம் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் குளத்தைத் தங்கள் வீட்டு மாட்டைப் போல நினைத்திருக்கிறார்கள். மாட்டைக் கட்டுத்தரையில்தான் கட்டுவோம், வாசலில் அலங்காரத்துக்கு நிறுத்த மாட்டோம். நம் குளங்கள் ஊருக்குப் புறமுதுகுப் பக்கம் இருப்பதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம். பின்னால் ஊர் வளர்ந்து குளத்தைச் சுற்றிக்கொண்டபோது, அந்தப் புறமுதுகில்தான் குப்பையையும் சாக்கடையையும் கொண்டுவந்து கொட்டினோம்.

மழை விட்ட மறுநாள் காலையில் பெரியகுளத்துக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். வெள்ளியங்கிரி மலை நீலச் சுவராக நிற்கும். தென்மேற்கே மதுக்கரைக் கரடுகள், அதைத் தாண்டினால் வாளையாறு, பாலக்காட்டுக் கணவாய். ஆனி ஆடியில் அந்தக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றில் கொடியில் துணி நிற்காது. மேகம் கூடக் கூட்டம் கூட்டமாக வரும், மூஞ்சியில் நாலு சாரல் போட்டுவிட்டுத் தாராபுரம் பக்கம் போய்விடும். இந்த ஊருக்கு ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் 700 மில்லிமீட்டருக்குள்தான் மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில். தென்மேற்குப் பருவமழை மலையோடு நின்றுவிடுகிறது. நாங்கள் மழை மறைவில் இருக்கிறோம்.

அதனால்தான் இந்த ஊரின் குளம் வேறு மாதிரியான குளம். மேலே பெய்கிற மழையைப் பிடித்து வைக்கிற பள்ளம் என்று நினைத்தால் கணக்கு தப்பிவிடும். மலையில் பெய்த மழையை, மழையே பெய்யாத ஊருக்கு நடத்திக் கூட்டி வந்து உட்கார வைக்கிற இடம் அது. ஆடி மாதத்தில் உக்கடத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும்போது மேற்கே மலைப்பக்கம் சித்திரைச்சாவடி அணைக்கட்டில் நொய்யல் செந்நிறமாகப் புரண்டு போகும். சின்ன வயதில் எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. மழையைப் பார்க்காமலே வெள்ளத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

வேலை நடக்கிற விதம் இப்படி. வெள்ளியங்கிரி, போளுவாம்பட்டி மலைகளிலிருந்து பெரியாறு, சின்னாறு, நீலியாறு என்று ஓடைகள் இறங்குகின்றன. ஓடைகள் சேர்கிற கூடுதுறைக்குக் கீழேதான் முழு நொய்யல். அங்கிருந்து காவிரியில் போய்ச் சேரும் வரைக்கும் ஆற்றின் குறுக்கே வரிசையாகத் தாழ்ந்த அணைக்கட்டுகள். முதலில் சித்திரைச்சாவடி, அப்புறம் குனியமுத்தூர், கோயமுத்தூர், குறிச்சி, வெள்ளலூர், சிங்காநல்லூர் பேரில் ஒவ்வொன்றும். மேட்டூர் மாதிரி ஆற்றை மறித்து நிறுத்துகிற அணைகள் கிடையாது இவை. இடுப்பளவோ ஆளளவோ கல் சுவர், அவ்வளவுதான். தண்ணீரை வாய்க்கால் மட்டத்துக்கு உயர்த்திக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தலைக்கு மேலே போகவிடும். மேல் அணைக்குப் போக மீந்தது கீழ் அணைக்கு. பழைய தமிழில் அணைக்குச் சிறை என்று பேர், ஆனால் இந்தச் சிறைகள் எதுவும் தண்ணீரை அடைத்து வைத்ததில்லை.

வாய்க்காலும் அதே முறைதான். சித்திரைச்சாவடி வாய்க்கால் வடகரையில் கிளம்பி வேடபட்டிப் புதுக்குளம், கோளராம்பதி, நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி என்று தொட்டுத் தொட்டு முத்தண்ணன் குளத்துக்கு வருகிறது. ஒரு குளம் நிறைந்தால் கலிங்கு வழியாக வழிந்து அடுத்த குளத்துக்குப் போகும். முத்தண்ணன் குளம் நிறைந்தால் செல்வசிந்தாமணி, அது நிறைந்தால் பெரியகுளம், அது நிறைந்தால் வாலாங்குளம், அதற்கும் மேல் மீந்தால் திரும்ப நொய்யலுக்கே. எங்கிருந்து எடுத்தார்களோ அங்கேயே கொண்டுபோய் விடுகிறார்கள். நிலத்தின் சரிவை மட்டும் நம்பி, ஒரு மோட்டார் இல்லாமல், பல மைல் தூரம். கொங்குச் சோழர் காலத்து ஏற்பாடு என்று சொல்வார்கள். மட்டம் பார்க்க என்ன கருவி வைத்திருந்தார்கள் என்று நான் இன்றைக்கும் யோசிப்பதுண்டு.

அந்தக் குளங்களின் பேர்களில் இருக்கிற ‘பதி’ எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். மலையடிவாரத்தில் இருளர் ஊர்களைப் பதி என்றுதான் சொல்கிறோம். கோயமுத்தூருக்கே கோவன் என்ற இருளர் தலைவன் பேரில் கோவன்புத்தூர் என்று பேர் வந்தது என்பது ஊர் வழக்கு. நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி என்று பஸ்ஸில் யாராவது இறங்கக் கேட்கும்போதெல்லாம், காட்டுக்காரர்களின் ஒரு சொல் நகரத்துக் குளத்தில் தங்கிவிட்டது போல எனக்குத் தோன்றும்.

அம்மாவின் ஊர் வேடபட்டிப் பக்கம். அம்மாவின் அப்பாவை அப்புச்சி என்போம். அப்புச்சிக்குச் சித்திரைச்சாவடி வாய்க்கால் பாசனத்தில் நாலு ஏக்கர், அதில் கொஞ்சம் பாக்கு, கொஞ்சம் வாழை, மீதியில் நெல்லோ சின்ன வெங்காயமோ. பள்ளிக்கூட லீவுக்கு அங்கேதான் போவோம். முறைத்தண்ணி என்று ஒன்று உண்டு. இன்னார் வயலுக்கு இன்ன நாள், இத்தனை நாழிகை என்று பங்கு. அப்புச்சியின் முறை பெரும்பாலும் நடுராத்திரியில்தான் வரும், அல்லது எனக்கு ராத்திரி வந்ததெல்லாம் மட்டும் ஞாபகத்தில் நிற்கிறதோ என்னவோ. லாந்தர், மம்முட்டி, தோளில் ஒரு துண்டு, காலில் செருப்பில்லாமல் வரப்பில் போவார். நானும் பின்னாலேயே போவேன். மடைவாயில் மண்ணை வெட்டி எடுத்துவிட்டு ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொள்வார். முதலில் எதுவும் வராது. அப்புறம் காய்ந்த பாக்குமட்டை ஒன்று, சருகு, நுரை, நுரைக்குள் எறும்புகள், அதற்குப் பின்னால் தண்ணீர். புதுத்தண்ணி வருவதற்கு முன்பே அதன் வாசம் வந்துவிடும். "வந்துருச்சு பாரு கண்ணு" என்று அப்புச்சி சொல்லும்போது எனக்கு வாய்க்காலில் ஒன்றும் தெரியாது, நாலு மூச்சு கழித்துத்தான் தெரியும்.

அவர் முறை முடிகிற நேரம் ஆனதும், வயலில் ஒரு மூலை நனையாமல் இருந்தாலும், மடையை அடைத்துவிடுவார். அடுத்த தோட்டத்துக்காரர் வந்திருக்கவே மாட்டார். யார் பார்க்கப் போகிறார்கள் என்று நான் கேட்டிருக்கிறேன். கடைமடையில் ஒருத்தன் லாந்தரோடு உட்கார்ந்திருப்பான் என்று மட்டும் சொன்னார். சண்டையே இல்லாத பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. மடைச் சண்டையில் மண்டை உடைந்த கதைகளும், மம்முட்டியோடு போலீஸ் ஸ்டேஷன் போன கதைகளும் அந்த ஊரில் நிறைய உண்டு. தண்ணீர் எங்கே முடிகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது, சண்டை போட்டவர்களுக்கும் தெரிந்திருந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

பழமை பற்றி ரொம்பச் சொல்லப் போவதில்லை, அதற்குத் தனியாகவே எழுத வேண்டும். பேரூர்ப் பட்டீசுவரர் கோயில் நொய்யல் கரையில் இருக்கிறது. கச்சியப்ப முனிவரின் பேரூர்ப் புராணத்தில் இந்த ஆற்றுக்குக் காஞ்சிமாநதி என்று பேர். சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் ராஜகேசரிப் பெருவழி என்ற பழைய வணிகப் பாதையின் பேரைச் சொல்கிற கல்வெட்டு நிற்கிறது, அந்த வழி பாலக்காட்டுக் கணவாயைப் பார்த்துப் போனது. கீழே வெள்ளலூரில் 19-ஆம் நூற்றாண்டில் ரோமானிய வெள்ளிக்காசுகள் குவியலாகக் கிடைத்தன. கடலிலிருந்து வந்த காசு கணவாய் வழியாக இந்த ஆற்றங்கரைக்கு வந்திருக்கிறது. ஆறும் வழியும் ஒன்றையொன்று ஒட்டிப் போன இடத்தில்தான் ஊர் எழுந்தது. ஆடி பதினெட்டுக்கு இன்றைக்கும் பேரூர்ப் படித்துறையில் கூட்டம் தாங்காது. ஆற்று மணலில் ஏழு கல்லை நட்டுக் கன்னிமார் என்று கும்பிடுகிறோம், ஆற்றில் தண்ணீர் இல்லாத வருடங்களில் குழாயடியில் குடத்தில் பிடித்து வந்து அந்தக் கல்லுக்கு ஊற்றியும் கும்பிட்டிருக்கிறோம். எனக்கு அந்த வருடங்கள்தான் மறக்கவில்லை.

சரி, எங்கே விட்டுப்போயிற்று?

முதல் வெட்டு ரயில். போத்தனூருக்கு 1862-இல் ரயில் வந்தது, அங்கிருந்து கோயமுத்தூர் வழியாக மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப்பாதை 1873-இல். அந்தப் பாதை வாலாங்குளத்துக்குக் குறுக்கே போகிறது. கேரளாவிலிருந்து வருகிற ரயில் நிலையத்துக்குள் நுழையும் முன்னால் ரெண்டு பக்கமும் தண்ணீர் தெரியும், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் அந்த ஒரு நிமிடம் ரயில் குளத்தில் மிதக்கிற மாதிரி இருக்கும். வெளியூரில் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஊர் வந்துவிட்டது என்பதற்கு அடையாளமே அதுதான். அழகாகத்தான் இருக்கிறது, ஆனாலும் குளம் ரெண்டாகிவிட்டது. அப்புறம் சுங்கம் பக்கம் பைபாஸ் சாலை வந்து இன்னொரு பங்கு எடுத்துக்கொண்டது.

ரெண்டாவது, குடிதண்ணீர். நூறு வருடத்துக்கு முன்னால் இந்த ஊரில் தண்ணீருக்குப் பட்ட பாடு கொஞ்சமில்லை. பிளேக் வந்து ஊரே காலியான காலம் ஒன்று இருந்தது. பிளேக் மாரியம்மன் என்ற பேரில் கோயில்களே இங்கே இருக்கின்றன. 1930-ஐ ஒட்டிச் சிறுவாணித் தண்ணீர் குழாயில் வந்தபோது ஜனங்கள் கும்பிட்டுத்தான் குடித்திருப்பார்கள். சிறுவாணி ஆறு பவானியில் சேருகிற ஆறு, நொய்யலுக்கும் அதற்கும் நடுவில் மலை இருக்கிறது. மலையைக் குடைந்து அந்தப் பக்கத்துத் தண்ணீரை இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். அந்தத் தண்ணீரின் ருசியில் வளர்ந்தவள் நான், அதைப் பற்றி ஒரு சொல் குறைத்துச் சொல்ல மனம் வராது. வெளியூர் போனால் முதல் நாள் தண்ணீர் குடித்ததுமே முகம் சுளிக்கிற பழக்கம் கோயமுத்தூர்க்காரர்கள் எல்லோருக்கும் உண்டு. ஆனால் சமையலறைக்குக் குழாய் வந்த நாளிலிருந்து குளம் பெண்களின் பேச்சிலிருந்து போய்விட்டது. கிணற்றில் எத்தனை படி தண்ணீர் இருக்கிறது என்று தினமும் எட்டிப் பார்த்தவர்கள், குளம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்றும் பார்த்தார்கள். எட்டிப் பார்ப்பது நின்றது.

மூன்றாவது, மோட்டார். இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையும் வருத்தமும் ஒன்றாக வரும். ஸ்டேன்ஸ் மில் 1888-இல் வந்தது. 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் வரிசையாக எழுந்தன. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவிலேயே முதல் மின் மோட்டாரை இங்கே செய்தார்கள். அப்புறம் பீளமேட்டிலிருந்து கணபதி வரைக்கும் வீட்டுக்கு வீடு பட்டறை, பவுண்டரி, லேத். நாடு முழுக்கத் தோட்டங்களில் ஓடுகிற பம்புசெட்டுகளில் பெரும்பங்கு இந்த ஊரில் வார்த்தது. எங்கள் அப்பா முப்பது வருடம் பம்புக் கம்பெனியில் வேலை பார்த்தவர், அந்தச் சம்பளத்தில்தான் நாங்கள் படித்தோம். கிணற்றில் ரெண்டு மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தில் கிணறு தன்னால் ஊறுவதற்கு நேரம் இருந்தது. மாடு களைத்தால் நிறுத்தித்தான் ஆக வேண்டும். மோட்டாருக்குக் களைப்பு கிடையாது. கிணறு நூறடி ஆகி, போர்க்குழாய் முந்நூறு ஆகி, இப்போது ஆயிரம் அடிக்குக் கீழே போகிறார்கள். குளம் நிறைந்தால் கிணறு ஊறும் என்ற தொடர்பு அப்புச்சி தலைமுறைக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போர்க்குழாய் அந்தத் தொடர்பைக் கண்ணில் படாமல் செய்துவிட்டது. குளத்துக்குப் பாசன வேலை போய்விட்டது. வேலை போன மாட்டை என்ன செய்வோமோ அதைத்தான் குளத்துக்கும் செய்தோம்.

மிச்சத்தைச் சீக்கிரம் சொல்லிவிடலாம், உங்களுக்கே தெரியும். வயல் மனையானது, வாய்க்கால் சாக்கடையானது, குளத்தில் ஆகாயத்தாமரை. புலியகுளம், அம்மன்குளம் என்று பேரில் மட்டும் குளம் உள்ள இடங்களில் வீடுகள். வடக்கே தடாகம் மலையடிவாரத்தில் தொடங்கித் துடியலூர் வழியாக வருகிற சங்கனூர்ப் பள்ளம், சிங்காநல்லூர்ப் பக்கம் நொய்யலில் சேரும்போது எந்த நிறத்தில் இருக்கிறது என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். பள்ளம் என்றால் எங்கள் பக்கம் ஓடை. வெளியூர்க்காரர்கள் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு ஏதோ குழி என்று நினைத்துக்கொள்கிறார்கள், இப்போது எங்கள் பிள்ளைகளும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

என் சொந்த அனுபவம் ஒன்று. கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து, மேற்கே வடவள்ளிப் பக்கம் ஒரு லேஅவுட்டில் மனை வாங்கி வீடு கட்டினோம். விற்றவர் அங்கீகாரம் பெற்ற மனை என்று காகிதம் காட்டினார், காகிதம் சரியாகத்தான் இருந்தது. மூன்றாவது வருடம் ஐப்பசியில் ஒரு ராத்திரி அடைமழை. விடியற்காலையில் எழுந்து சமையலறை விளக்கைப் போட்டால் கணுக்காலளவு தண்ணீர், அதில் ஒரு பாக்குமட்டை மிதக்கிறது. எங்கள் தெருவில் பாக்கு மரமே கிடையாது. வேடபட்டியிலிருந்து மாமா வந்தார். வீட்டுக்குள் வரவில்லை, தெருமுனையிலிருந்து காம்பவுண்டு வரைக்கும் ரெண்டு முறை நடந்து பார்த்தார். "இது வாய்க்கா போன எடமுங் கண்ணு. வாங்கறதுக்கு முன்னால என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்ல" என்றார். கேட்டிருக்கலாம். மனை வாங்கும்போது வாஸ்து பார்த்தோம், பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம் என்று பார்த்தோம், பள்ளிக்கூடம் பார்த்தோம். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகும் என்று மட்டும் பார்க்கவில்லை. அப்புச்சியோடு ராத்திரி வரப்பில் நடந்தவள் நான், எனக்கே அது தோன்றவில்லை.

அதிலிருந்துதான் எனக்குக் குளத்தை விட வாய்க்காலின் மேல் கண் போக ஆரம்பித்தது.

இப்போது குளங்களுக்கு நல்ல காலம் என்கிறார்கள். உண்மைதான், ஒரு பங்கு உண்மை. 2013 கோடையில் பெரியகுளம் வற்றிக் கிடந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனங்கள் கூட்டமாகப் போய்த் தூர் வாரினோம். பள்ளிப் பிள்ளைகள், மில் தொழிலாளர்கள், நகைக்கடைக்காரர்கள், எல்லோரும் கையில் மண்சட்டியோடு. எனக்குத் தெரிந்து இந்த ஊர் ஜாதி மதம் பார்க்காமல் ஒரே வரிசையில் நின்ற நாட்கள் அவை. 2016-இல் ஸ்மார்ட் சிட்டி முதல் பட்டியலில் கோயமுத்தூர் பேர் வந்தது. அதற்கப்புறம் கரைகளில் கல் பதித்து, நடைபாதை, விளக்கு, விளையாட்டுச் சாமான்கள், படகு எல்லாம் வந்தன. சாயங்காலம் பெரியகுளக் கரையில் பாருங்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள் நடக்கிறார்கள், கோட்டைமேட்டுப் பெண்கள் குழந்தைகளோடு வந்து காற்று வாங்குகிறார்கள், பையன்கள் ரீல்ஸ் எடுக்கிறார்கள். ஊர் முதன்முறையாகக் குளத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருக்கிறது. இதைக் குறை சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. பார்க்காத குளத்துக்காக யாரும் பேச வர மாட்டார்கள்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முத்தண்ணன் குளக்கரையில் தலைமுறையாகக் குடியிருந்தவர்களை எடுத்து நகரத்துக்கு வெளியே அடுக்குமாடி வீடுகளுக்கு அனுப்பினார்கள். குளத்துக்கு அது தேவைதான். ஆனால் டவுன்ஹாலில் கூலி வேலைக்கு நடந்து போனவர்கள் இப்போது ரெண்டு பஸ் மாறி வருகிறார்கள். எங்கள் வீட்டில் வேலை செய்த அக்காவும் அப்படிப் போனவர்தான், ஆறு மாதத்தில் வேலையை விட்டுவிட்டார். வாய்க்காலின் மேல் வீடு கட்டிய எங்களை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை. காகிதம் இருந்தது, அதனால் சொல்லவில்லை.

நடைபாதைக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை என்பதுதான் என் வருத்தம். ஒவ்வொரு குளத்தையும் தனித்தனியாக எடுத்து, வேலி போட்டு, வாசல் வைத்து, பேர்ப்பலகை மாட்டி அழகு செய்கிறோம். ஆனால் அது ஒரே தண்ணீர். செல்வாம்பதிக்கு வருகிற வாய்க்காலில் ஒரு வீட்டின் கழிவுக்குழாய் விழுந்தால் அது வாலாங்குளம் வரைக்கும் போகும். மேலே ஓர் இடத்தில் அடைத்தால் கீழே எல்லாக் குளமும் காயும், அப்போது குளத்தில் நிற்பது சாக்கடை மட்டும்தான். உக்கடத்தில் ஒரு நாளைக்கு 7 கோடி லிட்டர் சுத்திகரிக்கிற நிலையம் இருக்கிறது, அது நல்ல விஷயம். ஆனாலும் வாய்க்காலுக்குள் நேராக இறங்குகிற கழிவு அந்த நிலையத்துக்குப் போவதில்லை. நொய்யல் கீழே போகப் போக இன்னும் மோசம். திருப்பூர்ச் சாயக் கழிவைத் தேக்கி வைத்த ஒரத்துப்பாளையம் அணையின் கதையும், 2011-இல் சாயப் பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் சொன்ன கதையும் எல்லோருக்கும் தெரியும். நம் வாய்க்காலிலிருந்து போவதும் அந்த ஆற்றில்தான் சேருகிறது என்பதைச் சொல்லாமல் திருப்பூர்க்காரர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

வாய்க்காலைச் சரி செய்தால் என்ன ஆகும் என்பதற்கு வெள்ளலூர் குளமே சாட்சி. வருடக்கணக்கில் வறண்டு கிடந்த குளம் அது. கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்புக்காரர்கள் ஞாயிறுதோறும் கூடி வேலை செய்து, குளத்துக்கு வருகிற வாய்க்காலைத் திறந்துவிட்டதும் நொய்யல் தண்ணீர் குளத்துக்கு வந்தது. அப்புறம் கரையில் மரம் நட்டார்கள், இப்போது பட்டாம்பூச்சி வருகிறது. வரிசையைக் கவனியுங்கள், முதலில் வாய்க்கால், அப்புறம் தண்ணீர், அப்புறம்தான் பூங்கா. வடக்கே 2024-இல் தொடங்கிய அத்திக்கடவு அவிநாசித் திட்டத்தில் பவானியின் உபரி நீரை மோட்டார் வைத்து ஏற்றிக் குழாயில் கொண்டுபோய் 1,045 குளம் குட்டைகளை நிரப்புகிறார்கள். அறுபது வருடம் அதற்காகக் கேட்டுக்கேட்டு ஓய்ந்த ஜனங்கள் அவர்கள், அந்தக் குட்டைகளில் தண்ணீரைப் பார்த்து அழுத பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு ஆற்று வாய்க்கால் இல்லை, அதனால் குழாய் கேட்டார்கள். நமக்கு வாய்க்கால் இருந்தது.

பறவைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பெரியகுளத்தில் கூழைக்கடா கூட்டமாக இறங்கும்போது கரையில் நடக்கிறவர்கள் எல்லோரும் ஒரு நொடி நின்றுவிடுகிறார்கள். நாமக்கோழி, முக்குளிப்பான், நீலத் தாழைக்கோழி, புள்ளிமூக்கு வாத்து, செருப்பளவு ஆழத்தில் அசையாமல் நிற்கிற மஞ்சள்மூக்கு நாரை. சிங்காநல்லூர் குளத்தில் விடியற்காலை ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இருபது முப்பது வகை பார்க்கலாம். கரையைக் கல்லால் கட்டி நேராக்கிவிட்டால் அந்தச் செருப்பளவு ஆழம் போய்விடும், நாரைக்கு நிற்க இடம் கிடையாது. குளம் ஓரத்தில் சேறும் கோரையுமாக அசிங்கமாகத் தெரிகிற இடம்தான் அதன் அடுக்களை.

சித்தி மகளை இந்தப் புரட்டாசியில் சித்திரைச்சாவடிக்குக் கூட்டிப் போனேன். மாமாவும் வந்தார், எழுபத்திரண்டு வயது, முழங்கால் வலி. மலையில் நல்ல மழை பெய்திருந்தது, அணைக்கட்டின் தலைக்கு மேலே ஒரு சாண் தண்ணீர் வழுக்கிக்கொண்டு போனது. அவள் படம் எடுத்தாள், நிறைய எடுத்தாள். அப்புறம் வாய்க்கால் தலைமதகுப் பக்கம் போனபோது அங்கே ஒரு தென்னை மட்டை குறுக்கே சிக்கிச் சருகெல்லாம் சேர்ந்து அடைத்திருந்தது. மாமா வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கப் போனார், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அவள் கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட்டு, சுடிதாரோடு இறங்கி, மட்டையை இழுத்துக் கரையில் போட்டாள். தண்ணீர் ஒரு நொடி தயங்கிவிட்டு ஓடியது. "இது எங்கீங் மாமா போகுது?" என்று கேட்டாள். மாமா ஒவ்வொரு குளத்தின் பேராகச் சொல்லிக்கொண்டே வந்தார். பெரியகுளம் என்று சொன்னதும் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கிராம வரைபடத்தில் வாய்க்கால் போகிற இடம் இன்னும் கோடாக இருக்கிறது, பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு என்று எழுதியும் இருக்கிறது. வேடபட்டி, வடவள்ளி, வீரகேரளம் வரைபடங்களை நகல் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணாம்பதியிலிருந்து செல்வாம்பதி வரைக்கும் அந்தக் கோட்டின் மேலேயே நடந்து பார்ப்பதாக இருக்கிறோம், நானும் அவளும். மாமா ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார், எங்கெல்லாம் மடை இருந்தது என்று அவருக்குத்தான் தெரியும். காலை ஆறு மணிக்குக் கிருஷ்ணாம்பதிக் கரையில் இருப்போம், வர விருப்பமுள்ளவர்கள் வரலாம்.